வீட்டு பீர்: வாளிக்குள் நடப்பது என்ன, சட்டம் எங்கே நிற்கிறது

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போன பிறகு, "வீட்டில் காய்ச்சியது" என்றாலே தமிழ்நாட்டில் பலருக்கு விஷம் என்றுதான் காதில் விழுகிறது. அதே காலத்தில் சிங்கப்பூரிலோ நியூ ஜெர்சியிலோ இருக்கும் மாமா மகன் தன் சமையலறையில் பீர் தயாரிக்கிறான், பாட்டிலில் அடைக்கிறான், வீட்டுக்கு வந்த நண்பர்களுக்கு ஊற்றிக் கொடுக்கிறான், படமெடுத்துக் குடும்ப வாட்ஸப் குழுவிலும் போட்டுவிடுகிறான். உடனே கேள்விகள் கிளம்புகின்றன. போலீஸ் பிடிக்காதா? கண் போய்விடாதா? அவன் செய்வதும் கருணாபுரத்தில் விற்றதும் ஒன்றுதானா?

ஒன்றல்ல. இரண்டுக்கும் நடுவே ஒரு வேதியியல் கோடும் ஒரு சட்டக் கோடும் ஓடுகின்றன. இரண்டையும் புரிந்துகொண்டால், வீட்டு பீரில் நாம் வழக்கமாகப் பயப்படும் இடம் தவறானது என்பது தெரியும். உண்மையான ஆபத்து மெத்தனால் என்ற நஞ்சில் இல்லை, மூடிய பாட்டிலில் இருக்கிறது.

## ஊறல் வரை ஒரே பாதை

"500 லிட்டர் சாராய ஊறல் அழிப்பு" என்று செய்தி வருமே, அந்த ஊறலிலிருந்தே தொடங்கலாம். வெல்லத்தையும் வேலம்பட்டையையும் தண்ணீரில் போட்டுச் சில நாள் விட்டால், ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் சர்க்கரையைத் தின்று எத்தனாலையும் கரியமில வாயுவையும் வெளியிடும். இது நொதித்தல். கள், ஒயின், பீர் மூன்றும் இந்தக் கட்டத்திலேயே நின்றுவிடும் பானங்கள். சாராயம் நிற்பதில்லை. ஊறலை அடுப்பில் ஏற்றி, எழும் ஆவியைக் குளிரவைத்துச் சொட்டுச் சொட்டாகப் பிடிப்பார்கள். இது வடித்தல். பிராந்தி, விஸ்கி, ரம் எல்லாமே வடித்தவை.

நொதித்தலின் கணக்கு எளிது. 180 கிராம் குளுக்கோஸ் முழுக்க நொதித்தால் சுமார் 92 கிராம் எத்தனாலும் 88 கிராம் கரியமில வாயுவும் கிடைக்கும். அந்த 88 கிராமை மறந்துவிட வேண்டாம், பாட்டில் விஷயத்தில் அது திரும்ப வரும்.

நொதித்தலோடு நிற்பதால் மூன்று விளைவுகள் உண்டு:

1. வலிமைக்கு இயற்கையான ஓர் எல்லை இருக்கிறது. வழக்கமான வீட்டு பீரில் 4 முதல் 6 சதவீதம்தான் ஆல்கஹால். தான் உண்டாக்கிய ஆல்கஹாலே ஈஸ்ட்டுக்கு நஞ்சு. பெரும்பாலான பீர் ஈஸ்ட்டுகள் 10, 12 சதவீதம் வந்ததும் சோர்ந்துவிடும்.

2. மெத்தனால் கவலைக்குரிய அளவில் உண்டாவதில்லை. நொதித்தலில் மெத்தனால் வருவது பழங்களில் உள்ள பெக்டின் உடைவதால். பீருக்கு மூலப்பொருளான பார்லியில் பெக்டின் மிகக் குறைவு. பீரில் இருப்பது வெறும் தடயம்தான்.

3. நோய்க்கிருமிகள் பிழைப்பது கடினம். கொதிக்கவைத்த சாறு, அமிலத்தன்மை, ஆல்கஹால், பீரில் போடும் ஹாப்ஸ் என்ற பூவின் கசப்பு, ஆக்சிஜன் இல்லாமை என்று ஐந்து தடைகள் ஒன்றாகச் சேர்கின்றன. கெட்டுப்போன பீர் வாயில் வைக்க முடியாததாக இருக்குமே தவிர, ஆளைக் கொல்வதாக இருப்பது அரிது.

அப்படியானால் கள்ளக்குறிச்சியில் என்ன நடந்தது? தொழிற்சாலைகளில் கரைப்பானாகப் பயன்படும் மெத்தனால், சாராயம் என்று விற்கப்பட்ட பாக்கெட்டுகளில் கலந்திருந்தது. 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளில் நடந்த சாவுகளுக்கும் அதுவே காரணம். உடலுக்குள் போன மெத்தனால் முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாறி, கண் நரம்பைத் தாக்கும். யாரும் பார்லியையோ வெல்லத்தையோ ஊறவைத்ததால் வந்த சாவு அல்ல அது. வெளியிலிருந்து கொண்டுவந்து ஊற்றப்பட்ட நஞ்சு.

ஒரு விதிவிலக்கை மட்டும் சொல்லிவிட வேண்டும். மேலே சொன்ன தடைகளில் பாதி, நொதித்த பிறகுதான் வருகின்றன. காய்ச்சிய மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) சாற்றை ஈஸ்ட் போடாமல் அறை வெப்பத்தில் நாள்கணக்கில் இறுக மூடி வைத்தால், போட்யூலிசம் என்ற கொடிய நஞ்சை உண்டாக்கும் பாக்டீரியா வளர வாய்ப்பு இருக்கிறது. காய்ச்சிய அன்றே ஈஸ்ட் போட்டுவிட வேண்டும்.

## எந்த ஊரில் அனுமதி?

அமெரிக்காவில் 1920-இல் வந்த மதுவிலக்கு 1933-இல் நீங்கியது. ஆனால் வீட்டில் ஒயின் தயாரிக்கக் கிடைத்த வரிவிலக்கு பீருக்குக் கிடைக்கவில்லை. இந்த விசித்திரம் 45 ஆண்டு நீடித்தது. 1978 அக்டோபர் 14 அன்று ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம்தான் வீட்டு பீரை வரியிலிருந்து விடுவித்தது. பெரியவர் ஒருவர் மட்டும் இருக்கும் வீட்டுக்கு ஆண்டுக்கு 100 கேலன், இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன், அதாவது ஏறக்குறைய 757 லிட்டர். மத்திய சட்டம் அனுமதித்தாலும் மாநிலங்கள் தடுக்கலாம். கடைசியாக இறங்கிவந்த அலபாமாவும் மிசிசிப்பியும் 2013-இல்தான் அனுமதித்தன. இன்று அமெரிக்காவில் தெருவுக்குத் தெரு இருக்கும் சிறு பீர் ஆலைகளில் பலவற்றின் வேர் இந்த வீட்டு வாளிகளில்தான். சியரா நெவாடா நிறுவனத்தைத் தொடங்கிய கென் கிராஸ்மன், அதற்கு முன் சீக்கோ என்ற ஊரில் வீட்டு பீருக்கான சாமான் கடை வைத்திருந்தவர். ஒபாமா காலத்தில் வெள்ளை மாளிகைச் சமையலறையிலேயே தோட்டத்துத் தேனைப் போட்டு பீர் செய்தார்கள், 2012-இல் செய்முறையையும் வெளியிட்டார்கள்.

பிரிட்டன் இந்த விஷயத்தில் அமெரிக்காவை முந்திக்கொண்டது. வீட்டில் பீர் தயாரிக்க உரிமம் வேண்டும் என்று 1880-இல் வந்த விதியை 1963-இல் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் நீக்கினார். விற்காதவரை தொல்லை இல்லை.

சிங்கப்பூர் 2004-இல் அனுமதித்தது. தெளிவாக வரையறுப்பதில் அவர்களை மிஞ்ச முடியாது: 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டருக்கு மேல் கூடாது, சொந்த உபயோகத்துக்கு மட்டும், விற்கக் கூடாது, வடிக்கவே கூடாது.

இந்தக் கடைசி நிபந்தனை ஏறக்குறைய உலகப் பொது. நொதிக்க விடும் நாடுகள்கூட உரிமமில்லாமல் வடிக்க விடுவதில்லை. 1996 முதல் சொந்த உபயோகத்துக்கு வடித்தலையும் அனுமதிக்கும் நியூசிலாந்து அரிதான விதிவிலக்கு. வரி வருமானம் ஒரு காரணம். எரியும் ஆவியை வீட்டு அடுப்பில் கையாளும் தீ அபாயம் இன்னொன்று.

தமிழ்நாட்டில் நிலைமை வேறு. 1937-இல் ராஜாஜி அமைச்சரவை கொண்டுவந்து சேலம் மாவட்டத்தில் முதலில் அமலாக்கிய மதுவிலக்குச் சட்டம்தான் இன்றும் அடிப்படை. அரசே டாஸ்மாக் கடைகளில் மது விற்பது அந்தச் சட்டத்துக்கு உள்ளே தரப்பட்ட விலக்குகளின்படி. உரிமம் இல்லாமல் எந்த மதுவைத் தயாரித்தாலும் குற்றம். பீர், கள், சாராயம் என்று சட்டம் வித்தியாசம் பார்ப்பதில்லை. கள் இறக்குவதற்கும் 1987 முதல் தடை, பக்கத்துக் கேரளத்தில் கள்ளுக்கடைகள் உரிமத்தோடு நடக்கின்றன. கள்ளக்குறிச்சிக்குப் பிறகு 2024-இல் செய்த திருத்தம், உயிரிழப்புக்குக் காரணமான கள்ளச்சாராயக் குற்றத்துக்கு ஆயுள் தண்டனை வரை கொண்டுபோனது. ஆகவே இந்தக் கட்டுரையில் இனி வரும் செய்முறை, அனுமதி உள்ள நாட்டில் இருப்பவர்களுக்கு. "நாலு பாட்டில்தானே, சொந்தமாகக் குடிக்கத்தானே" என்பது சென்னையிலோ மதுரையிலோ செல்லுபடியாகும் வாதம் அல்ல.

இந்தியா முழுக்க இப்படித்தான் என்றும் சொல்ல முடியாது. வடகிழக்கு மாநிலங்கள் உட்படப் பல இடங்களில் பழங்குடி மக்கள் தங்கள் வீட்டுத் தேவைக்கு அரிசி பானம் செய்துகொள்ள விலக்கு உண்டு. அசாமின் திமாசா மக்கள் செய்யும் ஜுதிமாவுக்கு 2021-இல் புவிசார் குறியீடே கிடைத்தது.

## நான்கே பொருள்கள்

தண்ணீர், மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட். 1516-இல் பவேரியாவில் போட்ட புகழ்பெற்ற பீர் விதியில் முதல் மூன்றுக்குத்தான் இடம் இருந்தது. ஈஸ்ட் என்ற உயிரி செய்யும் வேலை அது என்று அப்போது யாருக்கும் தெரியாது. 1850-களின் பிற்பகுதியில் லூயி பாஸ்டர் அதை நிறுவினார். 1883-இல் கோபன்ஹேகன் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் ஹன்சன் ஒற்றை ஈஸ்ட் வகையைத் தனியாகப் பிரித்து வளர்த்தார். இன்று நாம் 11 கிராம் பொட்டலத்தில் வாங்கும் உலர் ஈஸ்ட் அந்த வேலையின் வாரிசு.

மால்ட் என்பது ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்திய பார்லி. தானியத்தில் இருப்பது மாவுச்சத்து, அதை ஈஸ்ட்டால் தின்ன முடியாது. முளைவிடும்போது உருவாகும் அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும். உடைத்த மால்ட்டை 65 டிகிரி செல்சியஸ் அளவில் ஒரு மணி நேரம் வெந்நீரில் வைத்தால் இந்த மாற்றம் நடந்து, இனிப்பான சாறு வரும். அதற்கு வோர்ட் என்று பெயர். முளைநெல்லை வைத்து இதே வேலையைச் செய்யும் முறை தமிழில் மிகப் பழையது. பெரும்பாணாற்றுப்படையில் அரிசிக் கூழை அகன்ற பாத்திரத்தில் ஆறவைத்து, உரைகாரர்கள் முளைநெல் என்று பொருள் கொள்ளும் ஒன்றைச் சேர்த்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிவதைப் படிப்படியாகச் சொல்லியிருக்கிறது. ஹாப்ஸ் இல்லை என்பதைத் தவிர, அது பீர்தான்.

ஹாப்ஸ் ஒரு கொடியின் பூ. அதிலுள்ள ஆல்ஃபா அமிலம் கொதிக்கும்போது உருமாறிக் கசப்பைத் தரும். ஒரு மணி நேரம் கொதித்தால் கசப்பு, கடைசி ஐந்து நிமிடத்தில் போட்டால் மணம். வீட்டில் நாய் இருந்தால் கவனம் தேவை. ஹாப்ஸ் தின்ற நாய்க்கு உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறிச் சாவுவரை போகலாம். பயன்படுத்திய சக்கையும் ஆபத்துதான்.

தண்ணீரைப் பற்றிப் புதியவர்கள் அளவுக்கு மீறிக் கவலைப்படுகிறார்கள். குழாய்த் தண்ணீர் குடிக்க நன்றாக இருந்தால் பீருக்கும் போதும். குளோரினை மட்டும் நீக்க வேண்டும், ஏனென்றால் அது மால்ட்டோடு சேர்ந்து மருத்துவமனை வாடையை உண்டாக்கும். கேம்ப்டன் மாத்திரை என்று கடையில் விற்கும் மெட்டாபைசல்ஃபைட் அரை மாத்திரை போதும், சில நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.

## முதல் தடவை: 10 லிட்டர்

தானியத்தை ஊறவைத்துச் சாறு எடுப்பதை இரண்டாவது, மூன்றாவது முயற்சிக்கு ஒத்திவைக்கலாம். முதல் தடவைக்கு மால்ட் எக்ஸ்ட்ராக்ட் போதும். யாரோ ஏற்கெனவே எடுத்த சாற்றைப் பாகாகவோ பொடியாகவோ ஆக்கியது அது. டப்பாவில் வரும் "கிட்" வாங்கினால், ஒரு கிலோ வெள்ளைச் சர்க்கரையைச் சேர்க்கச் சொல்லியிருப்பார்கள். வேண்டாம். சர்க்கரை ஆல்கஹாலை ஏற்றும், ஆனால் பீர் தண்ணீர்போல மெலிந்துவிடும். சர்க்கரைக்குப் பதிலாக மால்ட் பொடியைப் போடுங்கள்.

வேண்டிய சாமான்கள்: 15 லிட்டருக்குக் குறையாத பாத்திரம், மூடியும் ஏர்லாக்கும் உள்ள உணவுத்தர பிளாஸ்டிக் வாளி, வெப்பமானி, ஹைட்ரோமீட்டர், உறிஞ்சு குழாய், பாட்டில்கள், மூடி அழுத்தும் கருவி. ஏர்லாக் என்பது உள்ளிருக்கும் வாயுவை வெளியே விட்டு, வெளிக்காற்றை உள்ளே விடாத சிறு தண்ணீர் அடைப்பு. ஹைட்ரோமீட்டர் திரவத்தின் அடர்த்தியை அளப்பது. பலர் காசு மிச்சம் என்று இதை வாங்காமல் விடுகிறார்கள். வேறு எதை விட்டாலும் இதை விடக் கூடாது.

1. 12 லிட்டர் தண்ணீரைக் காய்ச்சி, அடுப்பை அணைத்துவிட்டு 1.3 கிலோ மால்ட் பொடியைக் கட்டியில்லாமல் கரைக்க வேண்டும். அணைக்காமல் கொட்டினால் அடியில் பிடித்துத் தீய்ந்துவிடும்.

2. மறுபடி கொதிக்கவிடும்போது பக்கத்திலேயே நிற்க வேண்டும். முதல் பத்து நிமிடத்தில் நுரை பொங்கி அடுப்பெல்லாம் வழியும். பொங்கல் அடங்கியதும் 6 சதவீத ஆல்ஃபா அமிலம் உள்ள ஹாப்ஸ் 20 கிராம் போடுங்கள். 60 நிமிடக் கொதிப்பு. கடைசி ஐந்து நிமிடத்தில் மணத்துக்கு இன்னும் 10 கிராம்.

3. அடுப்பிலிருந்து இறக்கி, ஐஸ் போட்ட தண்ணீர்த்தொட்டியில் பாத்திரத்தை வைத்து 20 டிகிரிக்குக் குளிர்விக்க வேண்டும். இந்த நேரத்திலிருந்து சாற்றைத் தொடும் ஒவ்வொன்றும் கிருமிநீக்கம் செய்ததாக இருக்க வேண்டும். கழுவுவது வேறு, கிருமிநீக்கம் வேறு. முதலில் அழுக்குப் போகக் கழுவி, அப்புறம் ஸ்டார் சான் போன்ற, அலசத் தேவையில்லாத அமிலக் கரைசலில் நனைக்க வேண்டும். இட்லி மாவு பொங்கும் மேடையில் வாளியைத் திறக்காதீர்கள். மாவைப் புளிக்கவைக்கும் லாக்டிக் பாக்டீரியாவுக்கு பீரும் பிடிக்கும்.

4. ஏறக்குறைய 10 லிட்டர் மிஞ்சியிருக்கும். வாளியில் ஊற்றி ஹைட்ரோமீட்டரில் பாருங்கள், 1.048 அளவில் காட்டும். வாளியை நன்றாகக் குலுக்கிக் காற்றைக் கலந்து, ஈஸ்ட்டைத் தூவி மூடுங்கள். ஈஸ்ட் பெருகுவதற்கு ஆக்சிஜன் தேவைப்படுவது இந்த ஒரு தடவைதான். இதற்கு மேல் காற்றுப் பட்டால் ஈர அட்டைப்பெட்டி மணம் வரும்.

5. ஒரு நாளுக்குள் ஏர்லாக்கில் குமிழ் கிளம்பும். இரண்டு வாரம் விட்டுவிடுங்கள். அடிக்கடி திறந்து பார்ப்பதுதான் கெடுதல்.

இரண்டு வாரம் கழித்து ஹைட்ரோமீட்டர் 1.012 காட்டுகிறது என்று வையுங்கள். முதல் அளவிலிருந்து இதைக் கழித்து 131.25-ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சதவீதம் கிடைக்கும். 0.036 பெருக்கல் 131.25, அதாவது 4.7.

## வெப்பம்

பொறுமையாகச் செய்தும் பீர் சுவைக்கவில்லை என்பவர்களில் பெரும்பாலோருக்குக் காரணம் வெப்பம். பீரில் ஏல், லாகர் என்று இரண்டு பெரிய வகைகள் உண்டு. ஏல் வகை ஈஸ்ட்டுக்கு 18 முதல் 22 டிகிரி பிடிக்கும். லாகர் வகைக்கு 8 முதல் 13. நொதித்தலே வெப்பத்தை உண்டாக்குவதால் வாளிக்குள் அறையைவிடச் சில டிகிரி கூடுதலாக இருக்கும். 30 டிகிரி அறையில் சாதாரண ஏல் ஈஸ்ட் போட்டால் பெயின்ட் தின்னர் வாடையும் மறுநாள் தலைவலியும் கிடைக்கலாம்.

சிங்கப்பூர் அடுக்குமாடிவாசிகளுக்கு இரண்டு வழி. ஒன்று, பழைய குளிர்பெட்டியும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியும். இன்னொன்று மலிவானது: நார்வே கிராமங்களில் தலைமுறைகளாகக் காய்ந்த நிலையில் பாதுகாக்கப்பட்டு வந்த க்வைக் என்ற ஈஸ்ட். வோஸ் என்ற ஊரின் வகை 35 டிகிரிக்கு மேலும் சுத்தமாக, ஆரஞ்சு வாடையோடு நொதிக்கும், அதுவும் சில நாளிலேயே. குளிர்தேசத்து ஈஸ்ட் எங்கள் வெயிலுக்குப் பொருந்துவது வேடிக்கைதான். வெப்பமண்டலத்தில் தொடங்குபவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

## பாட்டில்: பயப்பட வேண்டிய இடம்

வாளியில் இருக்கும் பீரில் நுரை இருக்காது. நுரை வர, பாட்டிலில் அடைக்கும்போது கொஞ்சம் சர்க்கரை சேர்ப்பார்கள். மிச்சமிருக்கும் ஈஸ்ட் அதைத் தின்று வாயு விடும். மூடி இருப்பதால் வாயு பீரிலேயே கரையும்.

அளவு இப்படி. ஒரு லிட்டர் பீரில் கரைந்துள்ள வாயு எத்தனை லிட்டர் என்பதை வைத்து நுரையைக் கணக்கிடுகிறார்கள். சாதாரண ஏலுக்கு 2.4 போதும். 20 டிகிரியில் நொதித்து முடிந்த பீரில் ஏற்கெனவே 0.85 அளவுக்கு வாயு இருக்கும். மீதிக்கு லிட்டருக்கு ஏறக்குறைய 6 கிராம் சர்க்கரை. வண்டலைக் கழித்து 9 லிட்டர் தேறினால் 54 கிராம். அந்தப் பாட்டிலுக்குள் அறை வெப்பத்தில் இருக்கும் அழுத்தம் கார் டயரில் இருப்பதற்கு அருகில் வந்துவிடும். சரியாகச் செய்த பாட்டிலிலேயே இவ்வளவு.

இப்போது தவறாகச் செய்ததைப் பார்ப்போம். நொதித்தல் முடியாமலே, 1.018-இல் இருக்கும்போது, குமிழ் நின்றதை நம்பி ஒருவர் பாட்டிலில் அடைத்துவிடுகிறார். அது 1.010 வரை இறங்கக்கூடிய பீர். ஹைட்ரோமீட்டரில் ஒவ்வொரு 0.001 இறங்கும்போதும் ஒரு லிட்டர் பீரில் ஏறக்குறைய அரை லிட்டர் வாயு சேரும். எட்டுப் புள்ளி என்றால் கூடுதலாக 4. ஏற்கெனவே இருக்கும் வாயுவும் சர்க்கரையால் வருவதுமாகச் சேர்ந்த 2.4-ஐயும் கூட்டினால் 6-ஐத் தாண்டுகிறது. சாதாரண பீர் பாட்டிலை 3-க்கு மேல் நம்ப முடியாது. அது அலமாரியில் நடு இரவில் வெடிக்கும், அல்லது யாராவது கையில் எடுக்கும்போது வெடிக்கும். கண்ணாடிச் சில்லு முகத்தில் பாயும். வீட்டு பீரால் கண் போகும் என்றால் அது இப்படித்தான்.

தவிர்க்க:

1. ஏர்லாக்கின் குமிழை நம்பக் கூடாது. மூடி சரியாகப் பொருந்தாவிட்டாலும் குமிழ் நிற்கும், வெயில் ஏறினால் நொதித்தல் முடிந்த பிறகும் குமிழ் வரும். ஹைட்ரோமீட்டர் மூன்று நாள் இடைவெளியில் ஒரே அளவைக் காட்டினால்தான் முடிந்தது.

2. சர்க்கரையைத் தராசில் நிறுத்து, கொஞ்சம் தண்ணீரில் கொதிக்கவைத்து, மொத்த பீரிலும் மெதுவாகக் கலக்க வேண்டும். பாட்டில் பாட்டிலாகத் தேக்கரண்டியில் போட்டால் ஒன்று சப்பென்றும் இன்னொன்று குண்டாகவும் ஆகும்.

3. ஒவ்வொரு தடவையும் ஒரு பிளாஸ்டிக் சோடா பாட்டிலையும் சேர்த்து நிரப்புங்கள். அமுக்கிப் பார்த்தால் கல்லுபோல ஆகிவிட்டதா என்று தெரியும். இரண்டு வாரத்துக்கு முன்பே கல்லாகிவிட்டால், கண்ணாடிப் பாட்டில்கள் எல்லாவற்றையும் குளிர்பெட்டிக்கு மாற்ற வேண்டிய நேரம் அது. எடுக்கும்போது கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

4. பழுப்புப் பாட்டில் நல்லது. வெளிச்சம் ஹாப்ஸின் கசப்புப் பொருளை உடைத்து நாற்றமடிக்க வைக்கும். ஒயின் பாட்டில், ஜாம் பாட்டில் போன்றவை அழுத்தத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல, அவற்றில் அடைக்கவே கூடாது.

அறை வெப்பத்தில் இரண்டு வாரம், பிறகு குளிர்பெட்டியில் சில நாள். குடிக்கத் தயார்.

## நண்பர்களுக்குக் கொடுப்பது

சட்டத்தில் கோடு எளிதாக இருக்கிறது: கொடுக்கலாம், விற்கக் கூடாது. அமெரிக்க விதி இதில் தாராளம். வீட்டு பீரை வெளியே எடுத்துப்போய்ச் சங்கக் கூட்டம், போட்டி, சுவைத்துப்பார்க்கும் நிகழ்ச்சி ஆகியவற்றில் பகிர்ந்துகொள்ளலாம். ஆனால் அமெரிக்க அஞ்சலில் அனுப்பக் கூடாது, மதுவை அஞ்சலில் அனுப்பவே தடை. சிக்கல் வருவது நல்லெண்ணத்தில்தான். "மால்ட் செலவுக்கு ஆளுக்கு ஐந்து டாலர் போடுங்கப்பா" என்று வசூலித்தாலும், கட்டணம் வாங்கிய விருந்தில் ஊற்றினாலும், அதை விற்பனையாகப் பார்க்க இடமுண்டு. செலவைப் பகிர விரும்பும் நண்பர் சாமானாக வாங்கித் தரட்டும், கூடவந்து காய்ச்சட்டும்.

கடைப் பாட்டிலில் அச்சடித்திருக்கும் தகவல் உங்கள் பாட்டிலில் இல்லை. அதை நீங்கள்தான் தர வேண்டும். மூடியில் பேனாவால் மூன்றே விஷயம் எழுதினால் போதும்: பாட்டிலில் அடைத்த தேதி, ஆல்கஹால் சதவீதம், பார்லி. பார்லியில் குளூட்டன் இருப்பதால் சிலருக்கு அது ஆகவே ஆகாது. சதவீதம் எதற்கென்றால், 330 மில்லி பாட்டிலில் 4.7 சதவீத பீர் இருந்தால் சுமார் 12 கிராம் ஆல்கஹால், அதே பாட்டிலில் 8 சதவீத பீர் என்றால் 21 கிராம். நிறத்தைப் பார்த்து வலிமையைச் சொல்ல முடியாது. "லேசான பீர்தானே" என்று நினைத்து வண்டி எடுப்பவருக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும்.

ஊற்றும்போது பாட்டிலைக் குலுக்காமல், ஒரே சாய்வில் ஊற்றி, கடைசி ஒரு சென்டிமீட்டரைப் பாட்டிலிலேயே விடச் சொல்லுங்கள். அடியில் படிந்திருப்பது ஈஸ்ட். கெடுதி இல்லை, ஆனால் பழக்கமில்லாத வயிற்றைக் கலக்கும்.

நண்பர்கள் எல்லோரும் "சூப்பர்" என்றுதான் சொல்வார்கள், அதனால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. "என்ன வாடை வருகிறது?" என்று கேளுங்கள். பச்சை ஆப்பிள் என்றால் அவசரப்பட்டு அடைத்துவிட்டீர்கள். வெண்ணெய் என்றால் டைஅசிட்டைல் என்ற வேதிப்பொருள் மிஞ்சியிருக்கிறது, ஈஸ்ட்டுக்கு இன்னும் சில நாள் கொடுத்திருக்க வேண்டும். ஈர அட்டை என்றால் காற்றுப் பட்டிருக்கிறது. பேண்டேஜ் வாடை என்றால் குளோரின். வேகவைத்த சோளம் என்றால் மூடி போட்டுக் கொதிக்கவைத்திருக்கிறீர்கள், அடுத்த தடவை திறந்து வையுங்கள். புளிப்பு என்றால் கிருமிநீக்கத்தில் ஓட்டை, கீறல் விழுந்த வாளியும் குழாயும்தான் முதல் சந்தேகம். அவற்றைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிது வாங்குவதே மலிவு.

கொடுக்கும்போதே இன்னொன்றையும் சொல்லிவிடுங்கள்: குடித்து முடித்ததும் தண்ணீரில் அலசி, பாட்டிலைத் திருப்பித் தர வேண்டும். காய்ந்த ஈஸ்ட்டைப் பாட்டிலின் அடியிலிருந்து சுரண்டி எடுப்பதுபோல எரிச்சலான வேலை இதில் வேறில்லை. திருகு மூடிக் கண்ணாடிப் பாட்டில்களைப் பதிலுக்குக் கொண்டுவந்தால் வாங்காதீர்கள், அழுத்து மூடி அவற்றில் சரியாகப் பிடிக்காது.